அருவியின் ஐந்தாம் பொருள்

அட்டையில் எண் ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தது. சொல் இருந்தது: அருவி. வரிசை இருந்தது: ஐந்தாம் பொருள். விளக்கம் இருந்தது: பிறர் அறியாமல் அழுதற்கு இடமாவது. அதன் கீழே, முப்பத்தோராண்டுக்கு முன் முதுகு நிமிர்ந்திருந்த காலத்து நல்லகுற்றாலம் பிள்ளையின் கையெழுத்தில், மேற்கோளும் இருந்தது: ‘அருவியுள் நின்றழுதேன் ஆரறிவார் தோழி.’ அதை அடுத்து ‘தனிப்பாடல்’ என்று ஒரு சொல். அதையும் அடுத்து, பாட்டின் எண்ணைப் பிறகு தேடி நிரப்பலாம் என்று விட்டுவைத்த ஓரங்குல வெற்றிடம். பூசையை முடித்து, பதிகம் ஓதி, நெற்றித் திருநீறு உலருமுன் மேசைக்கு வந்தவர், அந்த ஓரங்குலத்தை இரண்டு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் நிரம்பிவிடுமா? எழுபத்தொன்பது வயதில் நினைவு என்பது தூர்ந்த கிணறு. வாளியை விட்டால் சேறுதான் வருகிறது. நான்கு நாட்களுக்கு முன் எண் கேட்டிருந்த யாழரசி, நேற்று மாலை சென்னையிலிருந்து மறுபடியும் பேசினாள். அகராதியின் புதிய பதிப்புக்கு ஆசிரியர் அவள்தான். அவருடைய பேத்தி வயது. ஆனாலும் பிழை பொறுக்காத பெண், அதனாலேயே அவருக்கு அவளைப் பிடிக்கும், அதனாலேயே நேற்று அவளைப் பிடிக்கவில்லை. ‘ஐயா, அருவிக்கு ஐந்தாவது பொருளுக்கு மட்டும் இன்னும் பாட்டு எண் இல்லை. நாங்களும் தேடிட்டோம், எந்தப் புத்தகத்திலயும் அந்த வரி வரலை. நாளைக்குப் பதினொரு மணிக்குப் பக்கத்தை மூடுறோம், அதுக்குள்ள சொல்லிட்டீங்கன்னா போதும்.’ சற்றுத் தயங்கிவிட்டு, நோயாளியிடம் பேசுகிறவளைப்போல, ‘வாய்மொழியா கேட்டதுன்னாலும் பரவாயில்லை ஐயா. இந்தப் பதிப்பில அதுக்கு இடம் வச்சிருக்கோம். சொன்னவங்க பேர், வயசு, ஊர் இருந்தா போட்டுடலாம்’ என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘இது பாட்டு அம்மா. தெருவில் பொறுக்கியதன்று’ என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். பாட்டுத்தான். பாட்டில்லாமல் எப்படி இருக்கும்? சீர் இருக்கிறது, எதுகையில்லாவிட்டாலும் மோனை இருக்கிறது, தோழி இருக்கிறாள். தன்னைத் தலைவியாகவும் இறைவனைத் தலைவனாகவும் வைத்துப் பாடிய எத்தனையோ அடியார்களில் யாரோ ஒருவர் பாடியது. யாரோ ஒருவர் என்று அட்டையில் எழுத முடியாது, அதுதான் தொல்லை.

எண்ணில்லாத மேற்கோள் நீறில்லாத நெற்றி. அவர் சொன்ன வாக்கியந்தான். அகராதிக் குழுவில் பணியாற்றிய இருபத்தாறு ஆண்டுகளும் அதை மந்திரம்போல் சொல்லி, சொல்லக் கேட்டவர்களையெல்லாம் நடுங்க வைத்திருக்கிறார். ஆதிமூலம் என்றொருவன் இருந்தான். இரக்கமான முகம், எப்போதும் மூக்குப்பொடி மணம். ‘எண்ணைப் பிறகு போட்டுக்கலாம்ணே’ என்று அட்டையை நீட்டினான். எல்லார் முன்னிலையிலும் அதை நான்காகக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தார். அவன் நான்கு துண்டுகளையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான், அதை ஏன் வைத்துக்கொண்டான் என்று அன்று தோன்றவில்லை, இன்று தோன்றுகிறது. ஆதிமூலம் போய்ச் சேர்ந்தும் விட்டான், அங்கிருந்து சிரித்துக்கொண்டிருப்பான், என்னண்ணே, பிறகு போட்டுக்கலாமா? அதைக் கிழித்த அதே கை, அதே ஆண்டு, ஓரங்குலத்தை விட்டுவைத்திருக்கிறது. எப்படி விட்டது? மேசையைச் சுற்றி ரொட்டி டப்பாக்களும் வேட்டி வாங்கிய அட்டைப் பெட்டிகளுமாகப் பதினேழாயிரம் அட்டைகள். நான்கு நாட்களாகக் கிண்டிவிட்டார். மலையிலிருந்து விழும் நீருக்கு நூற்றெட்டு அட்டைகள். யானையின் மதநீருக்குப் பதினொன்று. தூணில் தொங்கும் வெண்டுகிலுக்கு ஏழு. அடியார் கண்ணீருக்கு அறுபத்திரண்டு. எல்லாவற்றிலும் எண் இருக்கிறது, நூற்பெயர் இருக்கிறது, சில அட்டைகளில் பக்கம்கூட இருக்கிறது. ஐந்தாவதற்கு ஒரே ஓர் அட்டை. அந்த ஒற்றை அட்டையை நம்பி மூன்று பேர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள் என்று யாழரசி சொன்னாள். அவர்களில் ஒருவர் அந்தத் தோழி யார் என்பதற்கு நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாராம். பாவி, அவளைக் கண்டுபிடித்தாயே, எண்ணைக் கண்டுபிடிக்கக் கூடாதா?

சன்னலுக்கு வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தென்காசிச் சாரலுக்கு விழுகிறோம் என்ற எண்ணமே கிடையாது. காற்றில் நின்று யோசித்து, யார் மேலாவது சாய்ந்துகொள்ளும். அருவியில் தண்ணீர் நன்றாக விழும். மனைவி உலகம்மாள் விடியற்காலை ஐந்து மணிக்கே போய்விட்டாள், தெருக்காரிகளான கோமுவும் செண்பகமும் அவளும் ஓர் ஆட்டோவில். சாரல் தொடங்கினால் வெள்ளிக்கிழமைதோறும் போகிறார்கள், எத்தனை வருடமாக என்று அவர் எண்ணியதில்லை. இட்டிலியை மூடி வைத்து, பக்கத்தில் கண் மருந்தை வைத்து, ‘எட்டு மணிக்கு’ என்று ஒரு சீட்டும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சீட்டு எழுதும் வழக்கம் அவரிடமிருந்துதான் அவளுக்குத் தொற்றியது. அவர் அருவிக்குப் போய் இருபது வருடம் இருக்கும். எண்ணெய் வழுக்கும் முதுகுகள் இடித்துத் தள்ளும் அந்தக் கூட்டத்தில் நிற்பதைவிட நூற்றெட்டு அட்டைகளுக்குள் நிற்பது மேல் என்று இருந்துவிட்டார். கடைசியாகப் போனதும் குளிக்கவன்று, சண்டைக்கு. ‘நீர்வீழ்ச்சிக்குச் செல்லும் வழி’ என்று பலகை எழுதிக்கொண்டிருந்தான் ஒருவன். அருவி என்று எழுதப்பா, என்றார். ‘பெரியவரே, நீர்வீழ்ச்சின்னாத்தான் கெத்தா இருக்கு. அருவின்னா பத்து அடி உயரந்தான்னு நெனச்சிருவாங்க’ என்று சொல்லி, சகரத்துக்குப் புள்ளி வைத்தான். வீழ்ச்சியாம். அரசு வீழும், விலை வீழும், கிழவன் குளியலறையில் வீழ்வான். மலையை விட்டு இறங்கி வருகிற அது வீழ்கிறதா? கருணை இறங்குவதை யாராவது வீழ்ச்சி என்பார்களா? அன்று அரை மணி நேரம் நடுச்சாலையில் நின்று பேசினார். வண்டிக்காரர்கள் ஒலியெழுப்பினார்கள். பலகை இன்றும் இருக்கிறது. ஒரு சொல்லைக் காப்பாற்ற முடியாதவன் பதினேழாயிரம் அட்டைகளை வைத்துக்கொண்டு என்ன செய்தான்? அந்தச் சொல்லின் ஐந்தாம் பொருளையும் எண்ணில்லை என்று இன்று பதினொரு மணிக்கு நீக்கிவிடப் போகிறார்கள். பொருள் போனால் போகட்டும் என்று விடலாமா என்றால், பொருள் போகும்போது தனியே போகாது. தொகுத்தவர் சான்றின்றிச் சேர்த்தது என்று முன்னுரையில் ஒரு வரி வரும். நீறில்லாத நெற்றியோடு நிற்கும் அந்த வரி.

கண் உறுத்தியது. இமைக்குள் மணல். மருந்து விட மறந்துவிட்டது. விடவும் தெரியாது, அவர் விட்டால் மூக்கில் விழும். கண்ணீர் சுரப்பது நின்றுவிட்டது என்றார் மருத்துவர். ‘ஒண்ணும் பயப்பட வேண்டாம், செயற்கைக் கண்ணீர் தாரேன், நாலு மணி நேரத்துக்கொரு தரம் விடுங்க’ என்றார். செயற்கைக் கண்ணீர்! எழுதிக்கொடுத்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார் பிள்ளை. அறுபத்திரண்டு அட்டைகள். கண்ணிரண்டும் அருவியாக நின்றவர்கள், மார்பு நனைந்தவர்கள், நனைந்த தரையில் புரண்டவர்கள், அவர்களுடைய கண்ணீரையெல்லாம் வரி வரியாக எண்ணிட்டு அடுக்கியவர் அவர். அறுபது வருடமாகக் காசி விசுவநாதர் சந்நிதியில் நின்று, தீபம் ஏறும்போது, இதோ வந்துவிடும், தொண்டை அடைக்கும், கண் பெருகும் என்று காத்திருந்திருக்கிறார். தீபம் இறங்கும். தட்டு வரும். நீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு, இந்தப் பதிகத்தில் நான்காம் அடிக்கு ஒரு பாடவேறுபாடு உண்டு என்று நினைத்தபடி வெளியே வந்துவிடுவார். பக்கத்தில் உலகம்மாளும் அழாமல்தான் நிற்பாள். அவள் அழுது அவர் பார்த்ததில்லை. வறண்ட குடும்பம் என்று நினைத்துக்கொள்வார். அதில் ஓர் ஆறுதலும் இருந்தது.

மணி பத்தரை. இன்னும் அரை மணி. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்பதுகூடச் சரியில்லை, நான்கு நாட்களாக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தது, இப்போது உள்ளே வந்து உட்கார்ந்தது. மேற்கே ஒரு மடத்தில் ஏட்டுச் சுவடிகள் இருந்தன. அவர் இளம் வயதில் அங்கே மூன்று மாதம் தங்கிப் படி எடுத்திருக்கிறார். பிறகு செல்லரித்து ஒன்றும் மிஞ்சவில்லை. மடமும் இல்லை. பெயர் தெரியாத ஏடு, பாட்டு எண் பதினேழு என்று சொன்னால் எவன் போய்ப் பார்ப்பான்? கரையானிடம் கேட்பானா? பதினேழு. வேண்டாம், முப்பத்திரண்டு. பதினேழு என்றால் இட்டுக்கட்டியது போலிருக்கிறது. பேனாவின் மூடியைத் திறந்தார். முப்பத்திரண்டு என்று எழுத ஒரு நொடி ஆகும். ஓரங்குலம் நிரம்பிவிடும். கை அட்டையின்மேல் நின்றது. நெற்றியில் மூன்று கோடு இழுத்துக்கொண்டு நெஞ்சில் ஒரு பொய் எண்ணை எழுதுகிறாயே, நாளை தீபம் ஏறும்போது எந்த முகத்தோடு நிற்பாய்? ஆனால் நாளை என்ன, நேற்றும்தான் அவன் ஒன்றும் தரவில்லையே. ஒரு சொட்டுத் தந்தானா? முப்பத்திரண்டு. எழுதிவிடு. எழுதாதே. மை நுனியில் திரண்டு நின்றது.

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. கோமுவின் சிரிப்பு, கதவுத் தாழ், பிளாஸ்டிக் வாளி தரையில் இடிக்கும் ஒலி. பேனாவை மூடிவிட்டார், களவாடப் போனவன் கையை இழுத்துக்கொள்வதுபோல. உலகம்மாள் ஈரத் தலையை அவிழ்த்துவிட்டபடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். சேலை மாற்றியிருந்தாள்; கூந்தல் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. மலையின் குளிர்ச்சி அவளோடு உள்ளே வந்தது.

“மருந்து விட்டியளா?”

“இல்லை.”

“இட்டிலியும் தொடலை. நாலு நாளா அந்த ஒத்தக் கார்டைப் பாத்துக்கிட்டு இருக்கிய. அதுல என்ன வரம் வாங்கப் போறியளோ.”

“தண்ணீர் நன்றாக விழுகிறதா?” என்று கேட்டார், எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காக.

“நல்லா விழுது. கோமு வழுக்கி என் மேல விழுந்தா, நான் ஒரு போலீசுக்காரி மேல விழுந்தேன். அவ என்னைப் பாத்து, பாட்டி, வயசான காலத்துல உங்களுக்கு இது தேவையாங்கா.” சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “செண்பகம்தான் பாவம், ஒரு பாடு அழுது தீத்துட்டா. மருமக மூணு மாசமாப் பேசலையாம். நல்லா அழுட்டின்னு விட்டுட்டோம். அருவிக்குள்ள நின்னு அழுதா ஆருக்குத் தெரியும்? சத்தமும் கேக்காது. வெளிய வந்தா எல்லாருக்கும் கண்ணு சிவப்புத்தான்.”

அவள் துண்டை உதறிக்கொண்டு திரும்பினாள். நல்லகுற்றாலம் பிள்ளை அட்டையைக் குனிந்து பார்த்தார். அட்டையில் இருந்த வரி அவர் கண்முன்னே சீர் கலைந்து, மோனை உதிர்ந்து, தோழி விலகி, ஒரு பெண் சாதாரணமாகச் சொன்ன வாக்கியமாகக் கிடந்தது. “உலகு” என்று கூப்பிட்டார். “இப்போது என்ன சொன்னாய்?”

“என்ன சொன்னேன்?”

“அருவிக்குள்ளே நின்று…”

“அதென்ன புதுசா? எங்க தெருப் பொம்பளைய எல்லாரும் சொல்லுததுதானே. மனசு சரியில்லைன்னா அருவிக்குப் போறேன்னுவோம். அம்புட்டுத்தான்.”

“இதை முன்னே எப்போதாவது என்னிடம் சொன்னாயா?”

அவள் கூந்தலை முன்னால் இழுத்துப்போட்டுத் துவட்டினாள். முகம் மறைந்திருந்தது. “சொன்னேனே. எங்க அம்மை செத்த வருசம். பதினாறு முடிஞ்சு வந்து, இந்தா இங்கன, உங்க பக்கத்துலதான் உக்காந்தேன். மேசை பூராவும் அச்சுக் காயிதம். எனக்கு அடக்க முடியலை. நீங்க, படி நனையுது, அங்கிட்டுப் போய் அழுன்னிய.”

“நானா?”

“பின்ன ஆரு? தப்புன்னு சொல்லலை. நனையத்தானே செய்யும். மறுநா அருவிக்குப் போயிட்டு வந்தேன். எங்க போனேன்னு கேட்டிய. சொன்னேன். நீங்க தலையைத் தூக்கலை, எழுதிக்கிட்டே இருந்திய.”

எழுதிக்கொண்டே இருந்தார். அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். ‘அ’கரத் தொகுதி அச்சுக்குப் போகும் கடைசி வாரம், மேசை நிறைய ஈர மை மணக்கும் படிகள், காதில் எது விழுந்தாலும் அட்டையாக மாறிய நாட்கள். அவள் குரல் காதில் விழுந்தது, கை அதை வாங்கிப் பாட்டாக்கிக்கொண்டது, மூளை அதைப் பழம்பாட்டு என்று முத்திரையிட்டுப் பெட்டிக்குள் போட்டுவிட்டது, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு. தாயைப் பறிகொடுத்தவள் பேசியது அவருக்கு மேற்கோளாகக் கேட்டிருக்கிறது. நான்கு நாட்களாகப் பதினேழாயிரம் அட்டைகளில் தேடிய தோழி, அந்த நான்கு நாட்களும் அடுப்படியில் இருந்திருக்கிறாள். “அதன் பிறகு எத்தனை தரம் அழுதிருக்கிறாய்?” என்றார். “எதற்கெல்லாம்?”

“இதென்ன கேள்வி? உங்க அகராதி மாதிரி ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுச் சொல்லணுமாக்கும்?”

வெட்கம் வந்தது; ஒரு கணம் கழித்து, வெட்கத்தை முந்திக்கொண்டு, மகிழ்ச்சியும் வந்தது. அந்த மகிழ்ச்சியை அவர் அருவருத்தார், ஆனாலும் அது வந்தது. வழி இருக்கிறது. சொன்னவர் பெயர், வயது, ஊர். உலகம்மாள், எழுபத்திரண்டு, தென்காசி. பொய்யில்லை, கரையானில்லை, முப்பத்திரண்டும் வேண்டாம். பொருளும் பிழைக்கும், அவரும் பிழைப்பார். அவசர அவசரமாக எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினார்: அட்டையை, எண்ணை, பதினொரு மணியை, முன்னுரையில் வரப்போகும் அந்த வரியை. அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கவனமாகக் கேட்டாள்.

“என் பேரைப் போடுவாங்களா?”

“போடுவார்கள். எனக்குக்கூட அந்தப் பெருமை இல்லை.”

“அது போன்ல வருமா?”

“வரும். இந்தத் தடவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.”

“செண்பகம் மருமக எந்நேரமும் போனும் கையுமாத்தான் இருக்கா.” சற்று நேரம் சன்னலைப் பார்த்தாள். “வேண்டாம்.”

“ஏன்?”

“ஏன்னா கேக்கிய? நாளைக்கு ஒருத்தி அருவிக்குப் போறேன்னு கிளம்புனா, வீட்டுல உள்ளவன், எதுக்குட்டி அழப் போறேன்னு மறிச்சுக்கிட்டு நிப்பான். அப்புறம் நாங்க எங்க போய் அழ?”

“முப்பத்தோரு வருடமாக அது புத்தகத்தில் இருக்கிறது, உலகு!”

“அதை எவன் படிச்சான்?” என்றாள், குத்தலில்லாமல், உண்மையாகவே கேட்பதுபோல. “பேரில்லாமப் போட முடியாதா?”

“விதியில்லை. பெயர் இல்லாவிட்டாலும் பொருள் நிற்குமே. நீ பயப்படுவது அதைத்தானே?”

அவள் மருந்தை எடுக்க உள்ளே போனாள். பிள்ளை மேசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எரிச்சல் ஏறியது. அவள்மீதா, தன்மீதா, அறுபத்திரண்டு அட்டைகளில் அழுத அடியார்கள்மீதா, தெரியவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு பொருளை ஏட்டிலிருந்து எடுக்காமல் உயிரிலிருந்து எடுத்திருக்கிறார், அதுவும் தெரியாமல். அந்த ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறாள். உண்மை என்று தெரிந்த பிறகா நீக்குவது? உண்மை என்றால் யாருடைய உண்மை? எவனோ ஒருவன் வாசலை மறித்துக்கொண்டு நிற்பான் என்றாள். அவர் மறிக்கவில்லை; அங்கிட்டுப் போ என்றார். அவள் கண்டுபிடித்த அங்கிட்டு அது. அதற்கு வழி காட்டி ஒரு பலகை எழுதி வைக்கப் போகிறாரா, புள்ளி வைத்து, கெத்தாக?

தொலைபேசி அடித்தது. மணி சரியாகப் பதினொன்று. பிழை பொறுக்காத பெண்.

“வணக்கம் ஐயா. எண் கிடைச்சுதுங்களா?”

“இல்லை அம்மா. அப்படி ஒரு பாட்டு இல்லை. வரி நான் எழுதியது.”

மறுமுனையில் யாரோ நாற்காலியை நகர்த்தும் ஒலி கேட்டது. “நீங்களா? யார்கிட்டயாவது கேட்டதா இருக்கலாமே ஐயா. நல்லா யோசிச்சுப் பாருங்க. வழக்கில இருந்தா நான் காப்பாத்திடுறேன்.”

உலகம்மாள் மருந்தோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“யாரும் சொல்லவில்லை” என்றார் நல்லகுற்றாலம் பிள்ளை. அறுபது வருடப் பதிகப் படிப்புக்குப் பிறகு அவர் சொன்ன முழுப் பொய் அது, நாக்கு கூசவில்லை. “பொருளையும் எடுத்துவிடு. அருவிக்கு நான்குதான்.”

“முன்னுரையில ஒரு குறிப்புப் போடணும் ஐயா. அந்த வரியை மேற்கோள் காட்டினவங்க இருக்காங்க…”

“போடு. பெயரைச் சுருக்காமல் போடு.”

தொலைபேசியை வைத்த பிறகும் எரிச்சல் தணியவில்லை. தணிய வேண்டும் என்று யார் சொன்னது? உலகம்மாள் பக்கத்தில் வந்து, அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, “மேல பாருங்க, இமைக்காதிய” என்று குனிந்தாள். அவளுடைய ஈரக் கூந்தல் தோளிலிருந்து சரிந்து மேசைமேல் விழுந்தது. முதல் சொட்டு ‘தோழி’யின்மேல் விழுந்ததை அவர் ஓரக்கண்ணால் கண்டார், முப்பத்தோராண்டு மை ஊறி, நீலமாகப் படர்ந்து, எண்ணுக்கு விட்ட ஓரங்குலத்துக்குள் மெல்ல இறங்கியது.

“ஐயோ, கார்டு நனையுது. எடுங்க.”

“நனையட்டும்” என்றார். “நீ மருந்தை விடு.”